கோழிக்கூட்டின் கடைசி ஓட்டை

சிமெண்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் கலவை தளர்ந்துவிடும். ஓட்டையில் நிற்காது, வழிந்து வந்துவிடும். எலி வருகிற இடமாக இருந்தால் அதில் கண்ணாடித் தூளும் சேர்க்க வேண்டும். உடைந்த போத்தலைச் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் தட்டினால் போதும். ஒரு தடவை பல்லை வைத்த எலி மறு தடவை அந்தப் பக்கம் வராது.

உங்களுக்கு வேலை இருக்கும், இன்ஸ்பெக்டர். இந்த விஷயம் முடிந்துவிட்டது, விபத்து என்று எழுதி மூடியாகிவிட்டது என்று வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சொன்னார். பரவாயில்லை. நான் அதிக நேரம் எடுக்கமாட்டேன். ஆனால் கூட்டைப் பற்றி முதலில் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

கிரீன் லேனுக்குப் பின்னால் எங்கள் வீடு. பழைய வீடு. நானும் என் தம்பி கதிர்காமநாதனும் அவன் மகள் அருந்ததியும் அதில் இருந்தோம். அருந்ததிக்குப் பல் முளைக்கும் முன்பே அவள் தாய் காலமாகிவிட்டாள். அந்தக் காலத்தில் எனக்கும் சம்பந்தங்கள் வந்தன. தாப்பாவில் ரயில்வேயில் இருந்த ஒருவர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். தம்பி எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போய்விடுவான். அவ்வளவுதான். நானும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளை என் மடியில் இருந்தது. வேறு என்ன வேண்டும்.

எங்களுடையது சைவ வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா கப்பலேறி வந்த நாளிலிருந்து முட்டை போட்ட கேக் கூட எங்கள் வாசற்படியைத் தாண்டியதில்லை. பல்லியைக் கண்டாலும் விளக்குமாற்றால் மெதுவாக ஒதுக்கித்தான் விடுவேன். ஓர் உயிரைக் கையால் கொன்றேன் என்று என்னைப் பற்றி யாரும் சொல்ல முடியாது. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

அருந்ததி ஆறாம் படிவத்துக்கு, பள்ளிக்கூடத்தின் கடைசிப் படிப்புக்கு, போன வருஷம் தம்பி மறுபடி கல்யாணம் செய்துகொண்டான். தனலெட்சுமி. அவன் எழுத்தராக இருக்கும், கடலுக்கு அக்கரையில் பிறை ஊர்த் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை செய்தவள். அக்கரையிலேயே பட்டர்வொர்த்தில் தாய் வீடு. அதற்கு முன் ரப்பர் தோட்டம். எங்கள் ஆட்கள் இல்லை. கோயிலில் ஓரிருவர் என் காது படப் பேசினார்கள். ஐம்பதை நெருங்கிய ஆண்பிள்ளை கேட்டுவிட்டுச் செய்கிற காரியமா இது.

அவள் ஒரு பெட்டியோடும் ஒரு மூங்கில் கூடையோடும் வந்து இறங்கினாள். கூடைக்குள் இரண்டு பெட்டைக் கோழியும் ஒரு சேவலும். "வெறுங்கையோட போகாதன்னு அம்மா குடுத்து விட்டாங்கக்கா" என்று சிரித்தாள். தம்பி என் முகத்தைப் பார்த்தான். கூடை பின்பக்கம் போகட்டும் என்றேன்.

வீட்டுச் சட்டங்களை அன்றே சொல்லிவிட்டேன். பகலில் நான் பூசை முடித்து, சாப்பிட்டு, அடுக்களையைக் கழுவிவிடும்வரை முட்டை உள்ளே வரக்கூடாது. சாயங்காலம் எடுத்துப் பின் தாழ்வாரத்தில் தனி அடுப்பில் தனிச் சட்டியில் வேக வைத்துக்கொள்ளலாம். கூட்டுக்குள் அவள் கை மட்டுமே போக வேண்டும். அருந்ததி கிட்டே போகக்கூடாது. துடக்கான நாட்களில், அதாவது மாத விலக்கு நாட்களில், அடுக்களைக்குள் கால் வைக்கக்கூடாது. முன்பக்கத்துச் சின்ன அறையில் இருக்க வேண்டும், என் முன்னால் வரக்கூடாது. எங்கள் வீட்டில் பின்பக்கம் போக அடுக்களை வழிதான் உண்டு. ஆகவே அந்த நாட்களில் கோழிகளுக்கு நானே தள்ளி நின்று அரிசி எறிவேன் என்றேன். முட்டைகள் கிடக்கும் இடத்திலேயே கிடக்கட்டும்.

"ஜெயில்லகூட இவ்ளோ சட்டம் இல்லக்கா" என்றாள். சொல்லிவிட்டு ஒவ்வொன்றையும் அப்படியே கடைப்பிடித்தாள். அதையும் நான் சொல்ல வேண்டும். நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

கோழிகள் பெருகின. கோழி பெருகினால் மற்றதெல்லாம் தேடி வரும். முதலில் எலி. பிறகு மூசாங் என்கிற மரநாய் ஒன்று இரவில் வந்து குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போனது. காலையில் தனலெட்சுமி இறகுகளைப் பொறுக்கிக்கொண்டு அழுதாள். கூடு சரியில்லை என்று நான்தான் சொன்னேன். பலகைகளுக்கு நடுவில் விரல் நுழையும் இடைவெளி. மூலைகளில் கம்பி வலை விலகிக் கிடந்தது. கோழிகளுக்கென்று விற்கும் அந்தப் பெரிய கண் வலை எலியை நிறுத்தாது, சின்னக் கண் வலைதான் வேண்டும். அப்பா பொதுப்பணி இலாகாவில் மேற்பார்வையாளராக இருந்தவர். இந்த வேலை எனக்குக் கை பழகியது. அவளுக்கு ஆச்சரியம்.

இடைவெளியைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நல்ல வெயிலில் ஒருவர் கூட்டுக்குள் தலையை விட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். எங்கெல்லாம் வெளிச்சம் கோடாகத் தெரிகிறதோ அங்கெல்லாம் வழி இருக்கிறது என்று அர்த்தம். தனலெட்சுமி உள்ளே, நான் வெளியே சுண்ணக்கட்டியோடு.

"இங்க ஒரு கோடு இருக்குக்கா. இன்னும் மேல. அதான், அதான். என் மூக்கு மேலயே விழுது லா."

நான் வெளியிலிருந்து குறி போட்டேன். பல பகல்கள் அப்படி வேலை செய்தோம். அவள் பலகையைப் பிடித்துக்கொள்வாள், நான் ஆணி அடிப்பேன். அவள் தோட்டத்துக் கதைகளைச் சொல்லுவாள். ஒரு நாள் நான் சிரித்துவிட்டேன் என்றுகூட நினைக்கிறேன். கடைசியில் கீழே ஒன்றுதான் மிச்சம் இருந்தது: கூட்டைக் கழுவும் தண்ணீர் வெளியேறுவதற்காக அடித்தளத்தில் விட்டிருந்த துவாரம். அதற்குக் கலவை போதவில்லை. புது மூட்டை வாங்கி வந்த பிறகு அடைக்கலாம் என்று ஒரு கல்லைச் சாய்த்து வைத்தேன்.

அந்த வாரத்தில்தான் நான் அதைக் கேட்டேன்.

நான் கோயிலிலிருந்து கொஞ்சம் முன்னதாக வந்துவிட்டேன். பின் தாழ்வாரத்தில் பேச்சுச் சத்தம். அருந்ததி என்னோடு எங்கள் யாழ்ப்பாணப் பேச்சுத்தான் பேசுவாள். தனலெட்சுமியோடு பேசும்போது பேச்சே மாறிவிடும், அவளைப் போலவே லா போடுவாள். "வேணாம்லா, எனக்கு ஒன்னு போதும்" என்றாள். அடுக்களைக் கதவின் இடுக்கு வழியே பார்த்தேன். கையில் ஒரு கிண்ணம். அரைவேக்காட்டு முட்டை. மேலே மிளகுத் தூள். பரீட்சை வருகிறது, உடம்பில் தெம்பு வேண்டும் என்று தனலெட்சுமி வற்புறுத்திக்கொண்டிருந்தாள். பிள்ளை அதைக் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மாமிக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான், அம்மா."

அம்மா.

முட்டையைக்கூட நான் பொறுத்திருப்பேன். பிறந்த பிள்ளையிலிருந்து அவளை வளர்த்தவள் நான், நான் மாமி. அது சரிதான், தகப்பனின் அக்கா மாமிதான். எவ்வளவு தூக்கி வளர்த்தாலும் முறை மாறாது. அந்த மற்றச் சொல் ஒருவருக்கும் இல்லாமல் அவள் தாயோடு போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அதனால் எனக்குக் குறையில்லாமல் இருந்தது. அது இன்னொருத்திக்குக் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இரண்டு நாள் கழித்துத் தம்பி சாப்பாட்டுக்குப் பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்தான். அக்கரையில், செபராங் ஜெயாவில் புது வீட்டுக்கு எழுதிப் போட்டிருந்தானாம், கிடைத்துவிட்டதாம். தினமும் படகில் போய் வர உடம்பு கேட்கவில்லை என்றான். "உங்களுக்குக் கோயில் இஞ்சதானே அக்கா. வீட்டை நீங்கள் பார்த்துக்கொண்டு இருக்கலாம். பிள்ளை லீவுக்கு வந்து நிண்டிட்டுப் போவாள்" என்றான். பிள்ளை லீவுக்கு வருவாள். என் வீட்டுக்கு, விருந்தாளியாக. நல்லது என்றேன்.

அது நடந்த அன்று வெள்ளிக்கிழமை இல்லை, எந்த விசேஷமும் இல்லை. சாதாரண நாள். தம்பி வேலைக்குப் போயிருந்தான். பகல் சாப்பாடு முடிந்தது. கோழிகள் வெளியே மேய்ந்துகொண்டிருந்தன. காக்காயும் உடும்பும் முட்டையைத் தொடக்கூடாது என்பதற்காகத் தனலெட்சுமி கூட்டுக் கதவைத் தாழிட்டுவிட்டு முன்பக்கம் போயிருந்தாள். புது மூட்டை வந்துவிட்டதால் நான் கலவையைக் குழைத்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். சாய்த்து வைத்த கல் நகர்ந்து கிடந்தது.

துவாரத்தில் ஒரு வால் போய்க்கொண்டிருந்தது. கறுப்பு. ஆள் கைப்பிடிப் பருமன். அவசரமில்லாமல், தன் வீட்டுக்குள் போவது போலப் போனது. நாகம். அதை நாங்கள் கும்பிடுகிறவர்கள், அடிக்கமாட்டோம்.

நான் கூப்பிட்டிருக்கலாம். பக்கத்து வீட்டு அப்துல் ஹமீது அண்ணன் அன்று வீட்டில்தான் இருந்தார், அவருடைய வானொலி கேட்டது. நான் ஒன்றும் நினைக்கவில்லை என்று இத்தனை மாதமும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கையில் கலவை இருந்தது, எதிரில் ஓட்டை இருந்தது, அடைத்தேன் என்று. அரைச் செங்கல் ஒன்றை உள்ளே தள்ளி, சுற்றிலும் சிமெண்டு பூசி, கரண்டியால் வழித்துவிட்டேன். நன்றாகவே வந்திருந்தது. இப்போதும் நீங்கள் போய்ப் பார்க்கலாம், ஒரு கீறல் இல்லை.

ஆனால் உங்களிடம் வந்த பிறகு அப்படிச் சொல்லக்கூடாது. நான் நினைத்தேன். அந்தக் கூட்டுக்குள் ஒரு கைதான் போகும் என்று நினைத்தேன். அந்தக் கை யாருடையது என்றும் தெரியும். முட்டைப் பெட்டி உள்மூலையில், இருட்டில் இருக்கிறது. அவள் எட்டிப் பார்க்காமல் தடவித்தான் எடுப்பாள் என்றும் தெரியும்.

கரண்டியைக் கழுவி வைத்தேன். குளித்தேன். சாமி அறையில் விளக்கேற்றி உட்கார்ந்து தேவாரம் பாடினேன். இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை, தினமும் அந்த நேரத்தில் பாடுகிறதுதான். வெயில் இறங்கும்போது அடுக்களையில் காலடிச் சத்தம் கேட்டது. பின் கதவு திறந்தது. நான் பாட்டை நிறுத்தவில்லை. கொஞ்சம் கழித்துக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம். நெடுநேரம் விழுந்தது.

பாட்டை முடித்து வெளியே வந்தேன். குழாயடியில் அருந்ததி நின்றுகொண்டிருந்தாள்.

தனலெட்சுமிக்கு மத்தியானத்துக்குப் பிறகு துடக்கு வந்திருக்கிறது. நான் சிமெண்டும் கையுமாகப் பின்பக்கம் இருந்தபோது. பிறகு நான் குளித்துச் சாமி அறைக்குள் போய்விட்டேன். அந்த நிலையில் என் முன்னால் வந்து சொல்லக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். ஆகவே அவள் பேசாமல் முன் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை அவளைப் பார்த்திருக்கிறாள். முட்டை எடுக்க அவளால் போக முடியாது. மாமியோ சாமி அறையில். பிள்ளை தானே போய்விட்டாள்.

வலது கையை இடது கையால் பொத்திப் பிடித்திருந்தாள். என்னைக் கண்டதும் முதுகுப் பக்கம் மறைத்தாள். என்ன என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை மாமி. கம்பி கீறிப் போட்டுது."

எந்தக் கம்பி என்று நான் கேட்கவில்லை. உள்ளே வா என்றேன்.

அவள் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்தாள். எழுத்தெல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றாள். வாசித்தது போதும், படு என்றேன். முன்பெல்லாம் செய்வது போல வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். அந்தப் பெண் வந்த பிறகு அவள் என் மடியில் படுக்கவே இல்லை. தலைமயிரைக் கோதிவிட்டேன்.

"கண் மடல் கனக்குது மாமி. நித்திரை வருது."

"படு பிள்ளை" என்றேன்.

முன் அறையிலிருந்து தனலெட்சுமி, "பாப்பா, கெடச்சுதா" என்று மெல்லக் கூப்பிட்டாள். முட்டையைத்தான் கேட்டாள். பிள்ளை வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நான்தான் பதில் சொன்னேன், அவள் தூங்குகிறாள் என்று.

தம்பி வந்து எழுப்பியபோது எழவில்லை. ஹமீது அண்ணன் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். என்ன சாப்பிட்டாள், எங்கே போனாள் என்று டாக்டர் கேட்டார். தேநீர் குடித்தாள், தூங்கினாள் என்றேன். இரண்டும் உண்மை. அவர்கள் கையைப் பார்த்துக் கண்டுபிடித்து மருந்து ஏற்றியபோது நேரம் போய்விட்டிருந்தது. விடிவதற்கு முன் முடிந்தது.

கோழிகள் அன்றிரவு ஜம்பு மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தன. அவற்றைக் கூட்டில் அடைக்கப் போன ஹமீது அண்ணன்தான் மறுநாள் பாம்பைக் கண்டார். அடித்துக் கொன்றுவிட்டார். பாவம், அதை அடித்திருக்க வேண்டியதில்லை. பிறகு கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எறும்பு நொழைய எடமில்ல. எந்த வழியா வந்திருக்கும்?" என்றார். எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். கதவை நாள்தோறும் சாத்துகிறவள் தனலெட்சுமி.

"நான்தான் ஒழுங்கா சாத்தல போல" என்றாள். அழவில்லை. அதற்குப் பிறகு தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்ததும் அவளைப் பட்டர்வொர்த்தில் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். செபராங் ஜெயா வீட்டையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். இப்போது அவனும் நானும்தான். முன்னைப் போலவே. அவன் வேலை விட்டு வந்து அருந்ததியின் நாற்காலிக்கு எதிரில் உட்காருகிறான். நான் சோறு போடுகிறேன். அவன் சாப்பிடுவதில்லை.

போன வாரம் தனலெட்சுமி வந்தாள். தம்பி இல்லாத நேரமாகப் பார்த்து, படகேறி, பூவும் தேங்காயும் வாங்கிக்கொண்டு. பிள்ளையின் படத்துக்குப் போட. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, தான் சுத்தமாகத்தான் இருக்கிறேன் என்று முதலில் சொன்னாள். எனக்கு அப்போதுதான் என்னவோ செய்தது. வா என்று கூட்டிக்கொண்டு போனேன்.

படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பேசினாள். பேச்சோடு பேச்சாக, புது வீட்டில் கீழ் அறையை எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததாகச் சொன்னாள். தம்பி முதலில் ஒத்துக்கொள்ளவில்லையாம், அப்போதுதான் என்னிடம் வந்து அப்படிப் பேசினானாம். அக்காவைத் தனியாக விட்டுவிட்டு நாங்கள் வரமாட்டோம் என்று அவளும் அருந்ததியும் பிடிவாதம் பிடித்தார்களாம். பரீட்சை முடிந்ததும் பிள்ளை தானே என்னிடம் சொல்ல ஆசைப்பட்டாளாம்.

பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு மட்டும் நான் தூரமாகாம இருந்திருந்தா நான்தானக்கா கைய விட்டிருப்பேன். புள்ள பொழச்சிருக்கும்."

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது. உண்மைதானே.

அவள் போன பிறகு யோசித்தேன். செய்யாத பிழையை ஒருத்தி சுமந்துகொண்டு திரிவது முறையில்லை. கதவு சரியாகத்தான் சாத்தியிருந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன். நாகம் கீழ்த் துவாரத்தால் உள்ளே போனது. அது உள்ளே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே நான் அடைத்தேன். தனலெட்சுமி சாக வேண்டும் என்று அடைத்தேன். இவ்வளவுதான் என் குற்றம். இதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள்.

நீங்கள் வேறொன்று கேட்கிறீர்கள். குழாயடியில் நான் அவள் கையைப் பார்த்தேனா என்று.

பார்த்தேன். அவள் முதுகுப் பக்கம் கொண்டுபோவதற்குள் பார்த்துவிட்டேன். பெருவிரலுக்குக் கீழே, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளி. சுற்றிலும் வீங்கத் தொடங்கியிருந்தது. ஹமீது அண்ணனின் கார் வாசலிலேயே நின்றது, ஆஸ்பத்திரியும் தூரமில்லை. இதையெல்லாம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. பாம்பு என்று நான் வாயைத் திறந்திருந்தால், மாமிக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டிருப்பாள்.

ஆனால் கம்பி கீறியது என்று அவள் சொன்னாளே, இன்ஸ்பெக்டர். நான் வளர்த்த பிள்ளை. என்னிடம் அவள் பொய் சொல்லமாட்டாள்.